தொத்துக் கொட்டிலில் ரண்டு பேர்

படலையைத் திறந்துகொண்டு செல்லம்மா அக்கா வெளியிலை போனா. கையிலை ஒரு துணிப் பொட்டலம். தலை ஈரம், அப்பத்தான் வேப்பிலை போட்ட தண்ணியிலை முழுகினவ. நான் வேலிக்கு இஞ்சாலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். அவ திரும்பிப் பாக்கேல்லை. நானும் வாய் திறக்கேல்லை. மணலிலை அவவின்ரை காலடி மட்டும் கொஞ்ச நேரம் கிடந்தது, பேந்து கடல் காத்து அதையும் மூடிப்போட்டுது.

சண்டை பிடிச்சுக்கொண்டு போறா எண்டு நினைச்சிடாதையுங்கோ. எங்களுக்குள்ளை ஒரு சண்டையும் இல்லை. அம்மாள் வருத்தம் கிடக்கிற இடத்திலையிருந்து வெளிக்கிடுறவை "போட்டு வாறன்" எண்டு சொல்லப்படாது. நிக்கிறவை "போட்டு வா" எண்டும் சொல்லப்படாது. செத்த வீட்டுக்கும் அம்மாள் வீட்டுக்கும் உந்த முறை ஒண்டுதான். சொன்னால் வருத்தமும் பின்னாலை வரும் எண்டு பயம். வைசூரியைத்தான் சொல்லுறன். அந்தப் பேரைச் சொல்ல எங்கடை ஆக்களுக்கு இப்பவும் நா எழாது.

போன கிழமை நான் இந்தப் பேப்பரிலை தொத்துக் கொட்டிலைப் பற்றி எழுதினதைப் படிச்ச ஒரு பிள்ளை என்னைச் சந்தையிலை மறிச்சு, "ஏன் அம்மா அந்தக் கொட்டிலுக்கு வேலைக்குப் போனனீங்கள்? உங்களை ஆர் பிடிச்சுத் தள்ளினது?" எண்டு கேட்டாள். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிக்கிற மனிசியிட்டைக் கேக்கிற கேள்வியே அது? ஆனாலும் நல்ல கேள்வி. மறுமொழி சொல்லத்தான் வேணும்.

ஆர் பிடிச்சுத் தள்ளினது?

ஒருத்தரும் தள்ளேல்லை. நானாய்த்தான் போனன்.

சண்டிலிப்பாயிலை எங்களுக்கு இருந்தது கொஞ்சத் தோட்டம். அம்மா முந்தியே செத்துப்போனா. ஐயா மோசம் போன பிறகு எனக்கு அண்ணைதான் எல்லாம். அண்ணையின்ரை பெண்சாதி, என்ரை மச்சாள், நல்லவ; பொய் சொல்லப்படாது. எண்டாலும் ஒரு அடுப்படியிலை ரண்டு பெண்டுகள் நிண்டால் சட்டி பானை சத்தம் போடுந்தானே. எனக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியும். வாய்க்காரி எண்டு ஊரிலை ஒரு பேரும் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் இன்னும் அம்பிடேல்லை.

அந்த வருஷம் புகையிலைக் கண்டு நடுகிற காலத்திலை வருத்தம் தொடங்கிச்சுது. ஒழுங்கைக்கு ஒழுங்கை வேப்பிலை கட்டின படலையள். அம்மைப்பால் குத்த வந்தவையோடை நேசம் மிஸியும் எங்கடை ஊருக்கு வந்தா. ஆஸ்பத்திரித் தாதியை நாங்கள் மிஸி எண்டுதான் சொல்லுவம். கொக்குவிலிலை வீடு, கிறிஸ்தவ வேதக்காரி, கலியாணம் முடிக்காதவ. நடந்தா எண்டால் பின்னாலை வாறவன் ஓட வேணும்.

கொழும்புத்துறைக்கு அங்காலை, வீடு வாசல் இல்லாத கடற்கரையிலை, தொத்து வருத்தக்காரரைக் கொண்டுபோய் வைக்கத் தென்னோலைக் கிடுகாலை கொட்டில் போட்டிருக்கு எண்டு மிஸி சொன்னா. அதிலை ஒண்டு பெண்டுகளுக்கு. பாக்கிறதுக்குத்தான் பெண்டுகள் இல்லை.

"ஆம்பிளையள் வருவினம். பெண்டுகளின்ரை உடம்பை அவை துடைக்கேலுமோ? அதுகள் தண்ணி கேக்கவும் வெக்கப்பட்டுச் சாகுதுகள்," எண்டா.

எனக்குச் சின்னனிலையே பால் குத்தின தழும்பு கையிலை இருந்தது. "நான் வாறன் மிஸி" எண்டிட்டன். அண்ணை மண்வெட்டியைச் சுவரிலை சாத்தினார். பிறகு, "கொஞ்ச நாள்தானே. ஆஸ்பத்திரி வேலை எண்டு சொல்லு. கொட்டில் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை," எண்டார்.

அடுத்த நாள் விடியவே ஊர் முழுக்க எனக்குப் பேர் வைச்சிட்டுது: தொத்துக் கொட்டில் பாக்கியம்.

நிப்பாட்டி வைக்கிற பாடு

"ஆக்களைப் பிடிக்கிறது லேசு. நிப்பாட்டி வைக்கிறதுதான் பெரும்பாடு." இது மிஸி அடிக்கடி சொல்லுற கதை. உண்மைதான். பெண்டுகள் வருவினம், ஒரு உடம்பைக் கழுவுவினம், வேலிக்குப் பின்னாலை போய்ச் சத்தி எடுப்பினம், அடுத்த நாள் ஆளைக் காணக் கிடையாது. அவையிலை பிழை இல்லை. அந்த மணம் இப்பவும் சில வேளை என்ரை மூக்கிலை வரும்.

கடைசியிலை மிஞ்சினது ரண்டு பேர். நானும் செல்லம்மா அக்காவும்.

செல்லம்மா அக்காவும் எங்கடை ஊர்தான், மற்றப் பக்கத் தொங்கல். புரியன் மலாயாவுக்குப் போனவர், போனவர்தான். ஒரு பொம்பிளைப் பிள்ளை, அப்ப மூண்டு வயசு இருக்கும், ராசாத்தி எண்டு கூப்பிடுவினம். பிள்ளையைப் புரியன்ரை தங்கச்சியோடை விட்டிட்டு வேலைக்கு வந்தவ. மெல்லக் கதைக்கிற மனிசி. நான் ரண்டு பேருக்கும் சேத்துக் கதைச்சன்.

எங்களை நிப்பாட்டி வைக்க மிஸி பட்ட பாட்டைச் சொல்ல வேணும். மாத்திக் கட்டச் சீலை, முழுகச் சுடுதண்ணி, மத்தியானம் மூண்டு பேரும் ஒண்டாய் இருந்து சாப்பாடு. எல்லாத்துக்கும் மேலை ஒண்டு செய்தா. சண்டிலிப்பாய்ப் பக்கம் போற நேரமெல்லாம் செல்லம்மா அக்காவின்ரை பிள்ளையை வேலியாலை எட்டிப் பாத்திட்டு வந்து சொல்லுவா.

"பிள்ளை புட்டுத் திண்டது. மூக்காலை வடியுது. உம்மைக் கேக்கேல்லை."

மிஸிக்குப் பொய் சொல்லத் தெரியாது. செல்லம்மா அக்கா அதைக் கேட்டுப்போட்டுப் போய் அழுவா, பிறகு முகத்தைக் கழுவிப்போட்டு வந்து வேலை செய்வா. பிள்ளை தேடி அழுதது எண்டு சொல்லியிருந்தால் அண்டைக்கே ஓடியிருப்பா எண்டு நினைக்கிறன்.

ஒருநாள் மிஸி ஆசையாய் மீன் குழம்பு கொண்டு வந்திட்டா. அம்மாள் இருக்கிற இடத்திலை மச்சம்! செல்லம்மா அக்கா சட்டியைத் தொடவும் இல்லை. "மிஸி, இதை வெளியிலை கொண்டு போங்கோ" எண்டா. "கண்டறியாத முறையள்" எண்டு புறுபுறுத்துக்கொண்டு மிஸி சட்டியைத் தூக்கிக்கொண்டு போனா. எனக்கு உள்ளுக்கை சரியான கவலை. அது திரளி மீன். ஆனால் அண்டையிலிருந்து மிஸியும் எங்களோடை மரக்கறிதான். ஒருத்தரும் அவவைக் கேக்கேல்லை.

பாய்

முறை வைச்சு வீட்டை போக விடுறது எண்டு மிஸி ஒரு ஒழுங்கு செய்தா. ஒருத்தி போய் வர மற்றவ நிப்பா. போகமுன்னம் அங்காலை இருக்கிற சின்னக் குடிலிலை சில நாள் தனிய இருந்து, முழுகி, உடுப்பு மாத்தித்தான் போகலாம்.

அதிலைதான் வந்தது கரைச்சல். போறவ திரும்பி வருவாளோ மாட்டாளோ எண்டு மிஸிக்குத் தெரிய வேணும். "வருவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோவன்" எண்டு கெஞ்சுவா. நாங்கள் வாயே திறக்க மாட்டம். அம்மாள் இடத்திலை எப்பிடிச் சொல்லுறது?

பிறகு நான்தான் ஒரு வழி சொன்னன். திரும்பி வாறவள் தன்ரை பாயைச் சுருட்டி மூலையிலை வைச்சிட்டுப் போறது. வராதவள் பாயை வெளியிலை எடுத்து எரிச்சுப்போட்டுப் போறது. சொல்லும் இல்லை, பிழையும் இல்லை. மிஸிக்கு அது நல்லாய்ப் பிடிச்சுக்கொண்டுது.

நான் முதல்லை சொன்ன, படலையைத் திறந்துகொண்டு போன அண்டைக்குச் செல்லம்மா அக்கா பாயைச் சுருட்டி வைச்சிட்டுத்தான் போனா. ஒரு கிழமையிலை வர வேணும். வரேல்லை. அடுத்த கிழமையும் வரேல்லை.

"பாய் இருக்கு. வருவாள்," எண்டா மிஸி.

"ஒருக்கா ஆள் விட்டுக் கூப்பிடுவமே மிஸி?"

"அம்மாள் இடத்திலையிருந்து போய் 'வா' எண்டு கூப்பிடக்கூடாது எண்டு நீங்கள்தானே எனக்குப் படிப்பிச்சனீங்கள்?"

எங்கடை முறையை எங்களிலும் பாக்க இறுக்கிப் பிடிக்கிறா மிஸி.

தனிய

அந்தக் கிழமையளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமலும் இருக்கேலாது.

பகலிலை மிஸி வந்து போவா, அவவுக்கு மற்றக் கொட்டிலுகளும் கிடக்கு, சண்டிலிப்பாய்ப் பக்கம் போகவும் நேரமில்லை. மிச்ச நேரமெல்லாம் நானும் வருத்தக்காரப் பெண்டுகளும். அதுகளுக்கு வாயெல்லாம் கொப்புளம், கதைக்கேலாது. கஞ்சி பருக்கிறது, வேப்பிலையாலை வருடிவிடுறது, ஈ கலைக்கிறது. பின்னேரங்களிலை களப்புக் கடலிலை வலை இழுக்கிறவையின்ரை சத்தம் கேக்கும். ஆரோ ஆரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவினம், அதுக்கு ஒரு "ஓய்" வரும். நான் வேலை விட்டுப்போட்டு நிண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பன். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. மிஸி "பிள்ளை" எண்டுதான் சொல்லுவா.

ஒருநாள் "பாக்கியம்" எண்டு நானே சத்தமாய்ச் சொல்லிப் பாத்தன். விசரி எண்டு நினைச்சிருப்பினம். எனக்கு அழுகை வந்திட்டுது.

அப்பத்தான் பெரிய டாக்குத்தர் வந்து ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போனார். ஒரு தனிப் பெண்ணை உந்த வெளியிலை வைச்சிருக்கேலாது. இன்னொருத்தி வராட்டில் பெண்டுகளின்ரை கொட்டிலை மூடி, அதுகளை ஆம்பிளையளின்ரை கொட்டிலிலை ஒரு தட்டி மறைச்சுப் போடுறது, என்னை வீட்டை அனுப்புறது. வாற கிழமை மட்டும்தான் தவணை.

"மிஸி, ஒருநாள் நீங்கள் இஞ்சை நில்லுங்கோ. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்," எண்டன்.

"அம்மாள்?"

"அம்மாளுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

கூப்பிடாத வீடு

அந்தச் சின்னக் குடிலிலை தனிய இருக்க நாள் இல்லை. முழுகி உடுப்பு மாத்தினன், ஒருத்தரோடையும் முட்டாமல் போறதெண்டு மிஸிக்குச் சத்தியம் பண்ணினன். தோட்டத்து வரம்புகளாலை நடந்து சண்டிலிப்பாய் போய்ச் சேர வெயில் ஏறிட்டுது. செல்லம்மா அக்கா ஒரு புகையிலைத் தோட்டத்துக் காவல் குடிலிலை இருந்தா. மடியிலை பிள்ளை. புரியன்ரை தங்கச்சி பிள்ளையை இனிப் பாக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. தொத்துக் கொட்டிலுக்குப் போய் வாறவள் வீட்டுக்கை காலடி வைக்கப்படாது எண்டும் சொல்லிப்போட்டா. கிணத்திலை தண்ணியும் மற்றவை அள்ளி ஊத்தினால்தான் உண்டு.

எட்ட நிண்டு, "ஏனக்கா வரேல்லை?" எண்டன்.

"ஆர் கூப்பிட்டது?" எண்டா.

"பாய் வைச்சிட்டு வந்தனீங்கள்தானே!"

"பாய் வைச்சன். தவணையும் தாண்டிப் போச்சுது, ஒரு ஆள் அனுப்பேல்லை. வேண்டாமெண்டால் வேண்டாம்தானே? கூப்பிடாத வீட்டுக்கு நான் என்னெண்டு வாறது?"

எனக்குத் தலையிலை அடிக்க வேணும் போலை இருந்தது. வருவன் எண்டு சொல்லமாட்டம், வா எண்டு கூப்பிடமாட்டம், ஆனால் கூப்பிடேல்லை எண்டு கோவிச்சுக்கொண்டு குந்தியிருப்பம். உலகத்திலை எங்கடை ஆக்களை விட்டால் உப்பிடி ஆர் இருக்கினம்?

"இப்ப நான் கூப்பிடுறன். வாங்கோ அக்கா. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாங்கோ. கொக்குவிலிலை மிஸியின்ரை தாய் பாத்துக்கொள்ளுவா. பிள்ளைதான் தடை எண்டால் அதையும் கூட்டிக்கொண்டு வரட்டாம் எண்டு மிஸி சொல்லித்தான் விட்டவ."

அக்கா பிள்ளையைப் பாத்தா, என்னைப் பாத்தா. பேந்து எழும்பிச் சீலையை உதறினா.

திரும்பி வாற வழியிலை அண்ணையின்ரை தோட்டம். அண்ணை வாய்க்காலிலை தண்ணி மாறிக்கொண்டு நிண்டார். என்னைக் கண்டதும், "அங்கையே நில்லு பிள்ளை," எண்டார். அவருக்கும் எனக்கும் நடுவிலை ஒரு வேலி.

"உனக்கு ஒரு மாப்பிள்ளை வந்திருக்கு. கொழும்பிலை கிளாக்கர் வேலை, நல்ல பொடியன். இப்பவே நிண்டியெண்டால் பேசலாம். திரும்பி உங்கை போனியெண்டால் ஊர் என்ன சொல்லும் எண்டு தெரியுந்தானே?"

நான் வாய்க்காலைப் பாத்துக்கொண்டு நிண்டன். கொட்டிலிலை வாய் திறக்கேலாமல் கிடக்கிற பெண்டுகளை நினைச்சன். ஆம்பிளையளுக்கு நடுவிலை ஒரு தட்டி மறைப்பிலை அதுகள் கிடக்கும்.

"கொஞ்ச நாள்தானே அண்ணை," எண்டன்.

அண்ணை கத்தரிப் பாத்திக்குள்ளை குனிஞ்சார். நாலைஞ்சு கத்தரிக்காய் பிடுங்கி வேலிக்கு மேலாலை போட்டார். பொறுக்கிக்கொண்டு நடந்தன்.

ஆறு கடக்குமட்டும்

பிறகு வந்த நாளுகள்தான் அந்தக் கொட்டிலிலை எனக்கு நல்ல நாளுகள். செல்லம்மா அக்கா முறைக்குக் கொக்குவில் போய், மிஸி வீட்டு மதிலுக்கு வெளியிலை நிண்டு பிள்ளை விளையாடுற சத்தத்தைக் கேட்டிட்டு வருவா. வந்து அதை எனக்குச் சொல்லுவா. நான் அதை வருத்தக்காரருக்குச் சொல்லுவன். செத்ததுகளும் உண்டு. எழும்பி நடந்து போனதுகள்தான் அதிகம்.

மழையோடை வருத்தம் ஓய்ஞ்சுது. கொட்டிலுகளுக்கு நெருப்பு வைச்சினம். அதோடை எங்கடை வேலையும் எரிஞ்சுது. வீடு வீடாய்ப் போய் வாருங்கோ வாருங்கோ எண்டு கூப்பிட்ட அதே ஆக்கள், "இனிப் பெண்டுகள் தேவைப்படாது" எண்டினம். ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ ஆர் நான் ஆர்.

மிஸி பட்டினத்துக்குப் போய்ச் சண்டை பிடிச்சா. வந்து எங்களை இருத்திவைச்சுச் சொன்னா:

"ஆஸ்பத்திரியிலை ஒரு நிரந்தர இடம் வாங்கியிருக்கிறன். இருக்க ஒரு அறையும் தருவினம். ரண்டு கேட்டன், சிரிச்சினம். ஒருத்தியைத் தெரிஞ்செடுக்க என்னாலை ஏலாது. நீங்களே கதைச்சுச் சொல்லுங்கோ."

எனக்கு யோசிக்க ஒண்டும் இருக்கேல்லை. பிள்ளைக்காரிக்குத்தான் வேலை. எனக்கு அண்ணை இருக்கிறார், வீடு இருக்கு. "நான் ஒருக்கா வீட்டை போட்டு வாறன்" எண்டு வெளிக்கிட்டன். எத்தினையோ மாசத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை வாய் நிறையச் சொன்னன்.

என்ன கறி?

மச்சாள் படலைமட்டும் வந்தா. திறக்கேல்லை. ஒரு கெட்ட சொல்லுச் சொல்லேல்லை, அழுதா. "பிள்ளையள் சின்னன் பாக்கியம்," எண்டா.

அண்ணை வந்தார். அந்தக் கிளாக்கர் மாப்பிள்ளைக்கு மாமாவின்ரை மகளைப் பேசி முடிச்சாச்சாம். "நீ ஒண்டுக்கும் யோசியாதை. மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்திலை உனக்கு ஒரு கொட்டில் போட்டுத் தாறன்," எண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. இன்னொரு கொட்டில்.

தண்ணி விடாய். கேட்டன். மச்சாள் செம்போடை வந்து படலைக்கு மேலாலை ஊத்தினா, நான் கையேந்திக் குடிச்சன். நான் பிறந்த வீடு அது.

பின்னேரம் கொக்குவில் வந்து சேர்ந்தன். செல்லம்மா அக்கா மிஸி வீட்டுக் குசினியிலை தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. பிள்ளை பக்கத்திலை குந்தியிருந்து விழுற பூவை எடுத்துத் திண்டுகொண்டிருந்தது.

"எப்பிடிப் பிள்ளை?"

"எல்லாருக்கும் சரியான சந்தோஷம் அக்கா. என்னை வந்து இருக்கட்டாம். வேலையை நீங்கள் எடுங்கோ."

அக்கா திருவிறதை நிப்பாட்டேல்லை. "அண்ணை வீட்டை சாப்பிட்டனியோ?"

"ஓம்."

"என்ன கறி?"

ஒரு கறியின்ரை பேர் சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? கத்தரிக்காய் எண்டாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரேல்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

அக்கா எழும்பிக் கை கழுவினா. சோறு போட்டு என்ரை கையிலை தந்தா.

"வேலையை நீ எடு."

"உங்களுக்குப் பிள்ளை இருக்கு அக்கா!"

"அதுதான் சொல்லுறன். எனக்குப் பிள்ளை இருக்கு. நான் ஆரின்ரையோ தோட்டத்திலை வெங்காயம் நட்டெண்டாலும் இவளைப் பாப்பன். பொழுதுபட்டால் ஒண்டு ஓடி வந்து காலைக் கட்டும். உனக்கு உந்த வேலையை விட்டால் ஆர் இருக்கினம்?"

சோத்தைத் திண்டு முடிச்சன். அடுத்த நாள் மிஸியோடை போய் வேலையை எடுத்தன்.

பென்சன் எடுக்குமட்டும் அந்த ஆஸ்பத்திரிதான். பிரியாவிடைக்குக் கதிரையள் போட்டு, மாலை போட்டு, தேத்தண்ணியும் தந்தவை. இத்தினை வருஷத்திலை பாக்கியம் ஒருநாள் லீவு கேட்டதில்லை எண்டு அப்பத்தைப் பெரிய டாக்குத்தர் புகழ்ந்து பேசினார். எல்லாரும் கை தட்டிச்சினம். லீவு எடுத்து நான் எங்கை போறது எண்டு அண்டைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை.